முள் வைக்காத நாற்காலி

நைஜல் நல்ல மனிதர். அவரிடம் இருந்த கோளாறே அதுதான். கார் நிறுத்தச் சீட்டு கொடுக்கும் இயந்திரத்துக்கு நன்றி சொல்வார். தன் காலை யாராவது மிதித்துவிட்டால் மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். டான்டன் ஊரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போடும் கடை ஒன்றை நடத்தி வந்தார். ‘இது தெளிவாத் தெரியுதா, அது தெளிவாத் தெரியுதா’ என்று காலமெல்லாம் அடுத்தவர்களைக் கேட்டுக் கேட்டு, தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லும் பழக்கமே அவருக்கு அற்றுப்போய்விட்டது.

அப்படிப்பட்டவர் ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை, ஊரே விடுமுறையில் இருக்க, கொட்டுகிற மழையில் ஆல்டர்கூம்ப் கோட்டைக்குக் காரோட்டி வந்தார் என்றால் சும்மா வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் அவர் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

அந்தப் பெண் டாம்சின், பிரையனியின் மூத்த மகள். பிரையனிக்கும் நைஜலுக்கும் பழக்கமாகி இரண்டு வருடம் ஆகிறது. இனி ஒரே வீட்டில் இருக்கலாம் என்று இருவருக்கும் ஆசை. ஆனால் பிரையனி ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். “நீ எங்க வீட்டுக்கு வர்றதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா டாம்சின்கிட்ட நீயே கேளு. நான் தூது போக மாட்டேன். அவ வேணாம்னு சொன்னா, இப்போதைக்கு வேணாம்.”

சின்னவள் போஸிக்கு ஐந்து வயது. அவளுடைய சம்மதம் ஒரு ஐஸ்கிரீமுக்குக் கிடைத்தது. கேள்வி என்னவென்று அவள் கேட்கக்கூட இல்லை.

கோட்டை வாசலில் காரை நிறுத்தி, நாலு பேரும் உள்ளேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றுக் கூடையைப் பிரித்தார்கள். வெளியே புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதாகத்தான் திட்டம். அந்த ஊரில் எல்லாருடைய திட்டமும் அதுதான். அதனால் வரிசையாக நின்ற எல்லாக் கார்களிலும் ஜன்னல் ஆவி படிந்து, உள்ளே ஒவ்வொரு குடும்பமும் வெளியே இருப்பதாகச் சொல்லப்பட்ட அழகிய காட்சியைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது. பிரையனி நைஜலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நைஜல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டாம்சின்.”

“என்ன?”

நைஜலுக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல் ஆகிவிட்டது. “வெள்ளரிக்கா சாண்ட்விச் இன்னொண்ணு எடுத்துக்கிறியா?”

“வேணாம்.”

“மழை கொஞ்சம் விடற மாதிரி இருக்குல்ல?”

டாம்சின் ஜன்னலைக் கையால் துடைத்துப் பார்த்தாள். “இல்லையே,” என்றாள். பிரையனி மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

கோட்டைக்குள் போனதும் பிரையனி போஸியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்க மேல போய் வாளு கேடயமெல்லாம் பாக்கறோம். நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க,” என்று கழன்றுகொண்டாள். பெரிய கூடத்தில் நைஜலும் டாம்சினும் மட்டும். இதைவிட வாய்ப்பு வேறென்ன வேண்டும்? ஆனால் டாம்சினுக்கு எங்கே போனாலும் சுவரில் தொங்கும் பலகைகளை ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும். அவள் கூடத்தின் அந்தக் கோடியில் போய் நின்றுவிட்டாள். நைஜலுக்கு மனத்துக்குள் கேள்வியை ஒத்திகை பார்த்துப் பார்த்தே அலுத்துப்போயிற்று. உட்கார இடம் தேடினார்.

கூடம் நிறைய நாற்காலி. எல்லாம் பழங்காலத்துப் பொருள், எதிலும் உட்காரக் கூடாது. ‘உட்காராதீர்கள்’ என்று எழுதி வைப்பது மரியாதைக் குறைவு என்று கருதுகிற ஜனங்கள் அவர்கள். ஆகவே ஒவ்வொரு நாற்காலியின் மேலும் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்திருந்தார்கள். பார்க்க அலங்காரம், உட்கார்ந்தால் தெரியும் சங்கதி. கணப்படுப்பின் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலியில்தான் முள் இல்லை. நைஜல் அதில் உட்கார்ந்தார்.

அது வருகிறவர்களுக்குச் சம்பளமில்லாமல் விளக்கம் சொல்கிற கைடு உட்காரும் நாற்காலி. அன்றைக்கு அதற்கு உரியவர் டீ குடிக்கப் போயிருந்தார். நைஜல் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் பஸ்ஸில் வந்த கூட்டம் ஒன்று ஈரக் குடைகளோடு உள்ளே நுழைந்தது. முன்னால் வந்த அம்மாள் நேராக அவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கெல்லாம் எவ்ளோ பெரிய மனசு. லீவு நாள்ல, ஒரு காசு சம்பளம் வாங்காம, எங்களுக்காக வந்து உக்காந்திருக்கீங்களே. ரொம்ப நன்றிங்க.”

வேறு யாராக இருந்தாலும், ‘அம்மா, நான் இங்கே வேலை பார்க்கிற ஆள் இல்லை’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார்கள். நைஜல் யோசித்தார். இந்த அம்மாள் மனதார நன்றி சொல்லிவிட்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் அந்த நன்றியை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? நாலு பேர் முன்னால் அவள் முகம் என்ன ஆகும்? அதற்குப் பதில் கோட்டை மேலிருந்து குதித்துவிடலாம்.

“பரவால்லம்மா,” என்றார் நைஜல். அதோடு சோலி முடிந்தது.

“அந்தப் படத்துல இருக்கறது யாருங்க?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். நைஜல் திருதிருவென்று விழித்தபடி சுவரில் இருந்த ஆளுயரப் படத்தைப் பார்த்தார். யாரோ ஒரு பிரபு. பெயர் தெரியாது, காலம் தெரியாது. ஆனால் கண் தெரிந்தது. கண்ணைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

“இவருக்கு இடது கண்ணு லேசா ஒதுங்கியிருக்கு, பாருங்க. கையில இருக்கற காகிதத்தை எவ்ளோ தள்ளிப் பிடிச்சிருக்காரு? கிட்ட இருக்கறது சுத்தமாத் தெரிஞ்சிருக்காது. மனுஷனுக்கு தினமும் சாயங்காலம் தலைவலி வந்திருக்கும். அந்தக் கடுகடுப்புதான் மூஞ்சில தெரியுது. எல்லாரும் கொடுமைக்காரன்னு நெனச்சிருப்பாங்க. ஒரு நல்ல கண்ணாடி போட்டிருந்தா தங்கமான ஆளா இருந்திருப்பாரு.”

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். அடுத்த படத்துச் சீமாட்டிக்குக் கண்ணில் புரை. அதற்கடுத்த குழந்தைக்கு மாறுகண். நைஜலுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயரும்வரை.

“ஐயா, ஒரு சந்தேகம்,” என்றாள் டாம்சின். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டிருந்தாள். “இந்தக் கூடத்தோட கூரைய எந்த வருஷம் போட்டாங்க?”

“நல்ல கேள்வி,” என்றார் நைஜல். “கூரை... ரொம்ப காலமா இருக்கு.”

“எந்த ராஜா காலத்துலங்கய்யா?”

“அது... அப்ப இருந்த ராஜா காலத்துல.”

டாம்சின் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவளுக்கு எல்லாம் தெரியும், பலகையில் படித்திருந்தாள். நைஜலுக்கு வியர்த்துவிட்டது. “அவ்வளவுதாங்க. எல்லாருக்கும் நன்றி,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாகத் தோட்டத்துப் படிகளில் இறங்கி நடையைக் கட்டினார். கூட்டம் கலைந்துபோகும் என்று பார்த்தால், குடையை விரித்துக்கொண்டு வரிசையாகப் பின்னாலேயே வந்தது. கைடு போகிற வழியில்தானே போக வேண்டும்.

டாம்சின் ஓடிவந்து அவர் குடைக்குள் புகுந்தாள். “நான் கைடு இல்லன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“இப்ப சொன்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்.”

“அவங்களுக்கா?”

“அதுவும் இவ்ளோ நேரம் ஆனப்புறம்.”

“அப்ப சாயங்காலம் வரைக்கும் இப்படியேவா?”

“அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க,” என்றார் நைஜல் பரிதாபமாக. டாம்சின் சிரித்தேவிட்டாள். அவள் தன்னோடு சிரித்ததில் நைஜலுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இதுதான் சமயம், கேட்டுவிடலாம் என்று திரும்பினார். “டாம்சின், வந்து... உன் ஷூ நனையுதா?”

“நனைஞ்சு ரொம்ப நேரமாச்சு,” என்றாள் டாம்சின்.

படிகள் ஆற்றங்கரையில், மாவு மில் வாசலில் போய் முடிந்தன. ஆற்று வாய்க்காலில் வரும் தண்ணீர் பெரிய சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் உள்ளே கல்லைச் சுற்றும், கல் கோதுமையை அரைக்கும். காட்சிக்காக அல்ல, அந்த வட்டாரத்து ரொட்டிக் கடைகளுக்கு நிஜமாகவே மாவு அரைத்துத் தருகிற மில். ஹெட்டி என்கிற பெண்மணிதான் அதைப் பார்த்துக்கொண்டாள். புருவமெல்லாம் மாவு. பின்னால் கூட்டத்தோடு வந்த நைஜலைப் பார்த்ததும், “மேல கோட்டையிலேருந்து அனுப்பிச்ச ஆளா? நல்ல நேரத்துல வந்தீங்க,” என்று ஒரு ஏப்ரனை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். மறுக்கவா போகிறார் நைஜல்?

“மழையில தண்ணி ஏறிடுச்சு, சக்கரம் கண்ணுமண்ணு தெரியாம ஓடுது,” என்றாள் ஹெட்டி. “நான் போய் மதகை எறக்கணும். நீங்க மாடியில கல்லுக்குப் பக்கத்துல நில்லுங்க. அந்த மரப்பெட்டியில கோதுமை கொறைஞ்சா மணி தானா அடிக்கும். அடிச்ச உடனே மூட்டைய எடுத்துக் கொட்டணும். வெறுங்கல்லு ஓடக் கூடாது. கல்லும் கல்லும் ஒரசினா பொறி பறக்கும், இங்க பூராவும் மாவுத் தூசி, புடிச்சா மில்லே போயிடும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க. நன்றி,” என்றார் நைஜல்.

ஹெட்டி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நைஜல் மாடி ஏறினார். பின்னாலேயே டாம்சின், அவளுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும். மாடி முழுக்கத் தடதடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் பாட்டம்லி என்று ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய பெரியப்பாவும் ஒரு மில் வைத்திருந்தாராம். அதைச் சொல்ல ஒரு காது கிடைக்காதா என்று காத்திருந்தவர்போல, நைஜலுக்கும் கோதுமை மூட்டைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

“எங்க பெரியப்பா மில்லு இருக்கே, அது இதைவிடப் பெரிசு, இதைவிடன்னா ரொம்ப இல்ல, கொஞ்சம், அதுல ஒரு கழுதை இருந்துச்சு, கழுதைன்னா சாதாரண கழுதை இல்ல...”

மணி அடித்தது.

நைஜலுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் பெரியவர் வாக்கியத்தின் நடுவில் இருந்தார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவது எப்படி? முடிக்கட்டும் என்று நின்றார். பாட்டம்லி முடிக்கிற ஜாதி இல்லை. கழுதை பெரியப்பாவின் இரண்டாம் மனைவியைக் கடித்தது, அவள் அண்ணன் வழக்குப் போட்டான், அந்த வழக்கறிஞருக்கு ஒரு கழுதை இருந்தது. மணி விடாமல் அடித்தது.

“நைஜல், மணி,” என்றாள் டாம்சின்.

“ஆமாம்மா, ஒரு நிமிஷம், ஐயா சொல்லிட்டு இருக்காரு.”

டாம்சின் பெரியவரைச் சுற்றிக்கொண்டு போய் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. கல்லின் சத்தம் மாறியது. கரகரவென்று இருந்தது கிறீச்சென்று ஆயிற்று. தீக்குச்சி உரசிய வாடை ஒன்று மெல்லக் கிளம்பியது. கூட்டம் அதையும் காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தது.

“நைஜல், என்னால தூக்க முடியல,” என்றாள் டாம்சின். கேலியெல்லாம் போய்விட்டது, குரல் நடுங்கியது. அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை.

“வாய மூடுங்கய்யா,” என்றார் நைஜல். “வழிய விடுங்க.”

பாட்டம்லியின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிப் பெட்டிக்குள் சாய்த்தார். கோதுமை சளசளவென்று இறங்கியது. கிறீச்சொலி அடங்கியது, மணி நின்றது. எதிரே பாட்டம்லி திறந்த வாயை மூடவில்லை. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பின்வரிசையில் நின்ற அவர் மனைவியின் முகத்தில் மட்டும் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது.

நைஜலுக்கு இன்னும் மூச்சு இரைத்தது. ஜன்மத்தில் முதல்முறையாக ஒருவரை மரியாதையில்லாமல் பேசியிருக்கிறார், வானம் இடிந்து விழவில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் திரும்பி, “டாம்சின், நான் உங்க வீட்டுக்கு வந்து இருந்துடலாமா?” என்றார். “இதைக் கேக்கத்தான் உன்ன இங்க கூட்டிட்டு வந்தேன். காலைலேருந்து கண்டதையும் பேசிட்டு இருக்கேன்.”

நைஜல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இன்னொண்ணு. நான் கைடு இல்லீங்க. கண்ணாடிக் கடைக்காரன்.”

“தெரியும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். “நான் பார்ஜிட்டர். நீங்க உக்காந்தது என் நாற்காலி. அப்பவே சொல்லலாம்னு பாத்தேன். நல்லாப் பேசிட்டு இருந்தீங்க, எப்படிக் குறுக்க பேசறதுன்னு பின்னாலயே வந்துட்டேன். அந்தப் பிரபுவுக்குத் தலைவலி இருந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல, பாருங்க.”

அதற்குள் ஹெட்டி ஈரம் சொட்டச் சொட்ட மேலே வந்து, பெட்டியை எட்டிப் பார்த்து, “பரவால்ல, வேலை தெரிஞ்ச ஆளுதான்,” என்றாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

கூட்டத்தைப் பார்ஜிட்டர் அம்மாளிடம் விட்டுவிட்டு நைஜலும் டாம்சினும் வெளியே வந்து சக்கரத்தின் பக்கத்தில் நின்றார்கள். மழை தூறலாகியிருந்தது. டாம்சின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உங்களை எனக்குப் பிடிக்கும். அது இல்ல விஷயம்.”

“பின்ன?”

“எங்கப்பா முன்னெல்லாம் என்னைத் திட்டுவாரு. கதவைப் படார்னு சாத்தினா கத்துவாரு. லீட்ஸ் ஊருக்குப் போய் அங்க வேற குடும்பம் ஆயிடுச்சு, இப்பத் திட்டறதே இல்ல. போனா ‘ஜூஸ் வேணுமாம்மா, ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறியா’ன்னு கேட்டுட்டே இருக்காரு. போன் பண்ணா, பண்ணினதுக்கு நன்றிங்கறாரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நீங்க இப்பவே அப்படித்தான் பேசறீங்க. எங்க வீட்டுக்கு விருந்தாளி வேணாம் நைஜல். விருந்தாளின்னா ஒரு நாள் கெளம்பிடுவாங்க.”

நைஜலுக்கு இப்போதுதான் புரிந்தது. ரெண்டு வருடமாக இந்தக் குழந்தையிடம் பூப்போலப் பேசியதையெல்லாம் அவள் விடைபெறும் பேச்சாகவே கேட்டிருக்கிறாள். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. “ஸாரி,” என்றார்.

டாம்சின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “யோசிச்சுச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

டீக்கடையில் பிரையனியும் போஸியும் மேசை பிடித்து வைத்திருந்தார்கள். போஸி தலையில் அட்டைக் கிரீடம். ஆளுக்கு ஒரு பெரிய டீ, ஆளுக்கு இரண்டு ஸ்கோன் ரொட்டி, பழக்கூழ், கட்டிப் பாலாடை. பிரையனி நைஜலின் ஏப்ரனையும் மாவு படிந்த முகத்தையும் பார்த்தாள். “கேட்டியா?” என்றாள் மெதுவாக.

“கேட்டுட்டேன். யோசிக்கிறாளாம்.”

டாம்சின் தன் இரண்டு ஸ்கோனையும் தின்று முடித்தாள். நைஜல் ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றைப் பாதியாகப் பிளந்து, பாலாடையை ஓரம்வரை தடவி, அதன்மேல் பழக்கூழை வைத்து, தன் தட்டில் அழகு பார்த்துக்கொண்டிருந்தார். டாம்சின் கையை நீட்டினாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அவர் கண்ணை நேராகப் பார்த்தபடி, மேசைக்குக் குறுக்கே அவர் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

நைஜலின் விரல்கள் பழக்க தோஷத்தில் தட்டை அவள் பக்கம் தள்ளத் தொடங்கின. ‘எடுத்துக்கோம்மா, இன்னொண்ணு வாங்கித் தரட்டுமா’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று விழுங்கினார்.

“கைய எடு,” என்றார்.

“என்ன?”

“இது என்னோடது. உன்னோடது ரெண்டையும் நீ முழுங்கியாச்சு. இன்னும் பசிச்சா எழுந்துபோய் வரிசையில நில்லு.”

போஸி மெல்லுவதை நிறுத்தினாள். பக்கத்து மேசையில் ஒரு கரண்டி விழுந்தது. பிரையனி டீக் கோப்பையை உதட்டருகே வைத்தபடி அப்படியே இருந்தாள்.

“நீங்க சரியான கஞ்சம்,” என்றாள் டாம்சின்.

“ஆமா,” என்றார் நைஜல். சொல்லிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுசையும் வாயில் போட்டுக்கொண்டார். பாலாடை மீசையெல்லாம் அப்பியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

டாம்சின் நீட்டிய கையை மடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். “அம்மா, மாடிப்படிக்குக் கீழ இருக்கற அலமாரியில என் பழைய பூட்ஸெல்லாம் கெடக்குல்ல, அதை நாளைக்கு எடுத்துடறேன்,” என்றாள். “இவரு கோட்டு மாட்ட எடம் வேணும்.”